கூண்டில் குரைக்கும் குட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூண்டில் அடைத்ததும் விடாமல் குரைக்கும் நாய்க்குட்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் அது தானாக அடங்கிவிடும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவருக்கு விடையளித்திருந்தீர்கள். குரைக்கும்போதெல்லாம் கதவைத் திறந்தால், குரைத்தால் கதவு திறக்கும் என்று குட்டி கற்றுக்கொள்ளும் என்ற அளவில் அது சரியே. ஆயினும், கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நம் காவிரிப் படுகை வீடுகளில் அந்த விடையை அப்படியே பின்பற்றுவது குட்டிக்குத் துன்பமாக முடியும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்கவேண்டியது சிறுநீர். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. நள்ளிரவில் அது குரைத்தால், எழுந்து, கொஞ்சாமலும் விளையாட்டுக் காட்டாமலும் கொல்லைக்கு அழைத்துச் சென்று, கழித்ததும் மீண்டும் கூண்டில் விடவேண்டும். அதையும் பிடிவாதம் என்றெண்ணிப் பேசாமல் படுத்திருந்தால், குட்டி வேறு வழியின்றிப் படுத்த இடத்திலேயே கழிக்கும். தன் படுக்கையை அசுத்தம் செய்ய நாய்க்கு இயல்பாக உள்ள தயக்கம் அப்படியே மறைந்துவிட்டால், பிறகு பழக்குவது பெரும்பாடு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் கூறுகின்றன. அதற்கு முன்பே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டி இரவெல்லாம் கதறுவதில் வியப்பென்ன இருக்கிறது?

அடுத்தது வெப்பம். நாய் மூச்சிரைத்துத்தான் பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழியும் சரிவரப் பயன்படாது. கூண்டின் மேல் கனத்த போர்வையைப் போர்த்தினால் குட்டி அமைதியாகும் என்று குளிர்நாட்டுக் காணொளிகளில் சொல்லப்படுவதைப் பார்த்து, சித்திரை மாதத்தில், நாகப்பட்டினத்துப் புழுக்கத்தில், தகரக் கொட்டகையின் கீழ் அதைச் செய்தால் என்னவாகும்? மின்சாரம் நின்று மின்விசிறியும் ஓடாத நேரத்தில் அக்குட்டி குரைப்பது உயிருக்காக. கூண்டு நிழலிலும் காற்றோட்டத்திலும், எட்டும் இடத்தில் தண்ணீருடனும் இருக்கவேண்டும். குட்டி நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். போதிய அசைவுக்கு இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குரைத்தால்தான் தாங்கள் சொன்ன வழிக்கு இடம் வருகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதுவரை பலன் தந்துவந்த செயல் திடீரென்று பலன் தராமல் போனால், விலங்கு அதைக் கைவிடுவதற்கு முன் இன்னும் மும்முரமாகச் செய்துபார்க்கும். கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்களே என்ற கூச்சத்தில், குரைப்பு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்துக் கூண்டைத் திறந்துவிடுகிறோம். இன்னும் உரக்க, இன்னும் நெடுநேரம் குரைக்கவேண்டும் என்பதே அப்போது குட்டி பெறும் பாடம். ஆகவே பழக்கத்தை இரவில் தொடங்காமல் பகலில் தொடங்குவதே நம் தெருக்களுக்கு ஏற்றது. கதவைத் திறந்துவைத்தே உள்ளே சோறு வைக்கலாம்; உண்ணும் வேளையில் மட்டும் சாத்தி, உண்டு முடித்ததும் சத்தமெழுமுன் திறக்கலாம்; பிறகு சாத்தியிருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டலாம். குரைத்துவிட்டால், நடுவே மூச்சுவிடும் அளவுக்காவது அது அமைதியாகும் நொடிக்குக் காத்திருந்து திறக்கவேண்டும். அதட்டுவதும் கூண்டைத் தடியால் தட்டுவதும் குட்டியை மேலும் மிரட்டுவதற்கே உதவும். அடைப்பதற்கு முன் நன்றாக ஓடவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் சில இரவுகள் கூண்டைக் கூடத்தில், வீட்டார் படுக்கும் இடத்துக்கு அருகிலேயே வைக்கலாம்.

நம் பகுதியில் பலர் கூண்டை வாசற்கதவை ஒட்டி வைத்துவிட்டு, தெருநாயையும் பால்காரரையும் கண்டு குட்டி குரைக்கிறது என்று குறைப்படுகிறார்கள். காவலுக்கென்று வாங்கியதும் அவர்களே என்பதுதான் வேடிக்கை. சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பிள்ளைகள் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போன லேப்ரடார் குட்டியை, முதிய பெற்றோர் ஓடியாடிப் பார்க்க இயலாமல் நாளெல்லாம் கூண்டில் வைத்திருப்பதையும் அடிக்கடி காண்கிறோம். அந்தக் குரைப்பை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது; அதற்கு ஆள் துணைதான் தேவை.

கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளுதல், ஓயாமல் எச்சில் வடித்தல், வெளியே சென்று வந்தவுடனேயே கூண்டில் சிறுநீர் கழித்தல் ஆகியவை தனிமையைக் கண்ட கடும் அச்சத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் கண்டுகொள்ளாமல் விடுவது நோயை வளர்க்கும். கூண்டில் அடைப்பதை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ ஒரத்தநாட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகுமாறு தங்கள் விடையுடன் ஒரு வரி சேர்த்து வெளியிட்டால் நன்றாயிருக்கும். தீபாவளி வெடிச்சத்தம் ஓயும்வரை இந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்கவேண்டாம் என்பதையும் அதோடு சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடைத் துறை ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்.