கிராமத்துப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில்?

அன்புள்ள மாறன்,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலைக்கு வாழ்த்து. நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கிராமப்புற நிதியைக் கவனிக்கும் பொறுப்பு என்பது இப்போதைய இங்கிலாந்தில் பாதி துப்பறியும் வேலை. "பிரெக்சிட்டுக்குப் பிறகு கிராமத்துக்குப் போகும் பணம் கூடியதா குறைந்ததா, ஒரு வரியில் சொல்" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் சொல்ல, அதற்கென்று ஒரு கணக்கு வரி இருக்க வேண்டும். அந்த வரியே இப்போது இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் அது இருந்தது. பொது வேளாண் கொள்கையின் முதல் தூணில் நிலப்பரப்பைப் பார்த்து நேரடி மானியம், இரண்டாம் தூணில் ஊரக வளர்ச்சி. 2014 முதல் 2020 வரை ஏழாண்டுக்கு ஒரே திட்ட ஆவணம். ஊரக வளர்ச்சி நிதியில் குறைந்தது 5 சதவீதம் 'லீடர்' என்ற உள்ளூர்க் குழுக்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்பது விதி. படிவத் தொல்லையும் ஐரோப்பிய ஆணையம் போடும் தண்டமும் யாருக்கும் பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஓர் இடம் இருந்தது. இப்போது அதே பணம் குறைந்தது மூன்று பைகளில் கிடக்கிறது. அவற்றை வெவ்வேறு குழுக்கள் பார்க்கின்றன, அல்லது பார்க்காமல் விடுகின்றன.

முதல் பை விவசாய மானியம். சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரத் துறையை எல்லோரையும்போல டெஃப்ரா என்றே எழுதுகிறேன். 2019 தேர்தலுக்குப் பிறகு இங்கிலாந்துக்கு ஆண்டுக்குச் சராசரி 240 கோடி பவுண்ட் என்று உறுதி தந்தார்கள். விலைவாசி ஏறிய பிறகும் எண் அப்படியே நின்றது என்பதை முதலில் குறித்துக்கொள். அதற்குள்ளே பழைய மானியத்தைப் படிப்படியாக வெட்டிப் புதிய சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு மாற்றுவது 2020 வேளாண் சட்டத்தின் ஏற்பாடு. 30,000 பவுண்ட் வாங்கிய பண்ணை ஒன்றை எடுத்துக்கொள். 2021இல் 5 சதவீத வெட்டு, கையில் 28,500. அடுத்த ஆண்டு 20 சதவீதம், 24,000. பிறகு 35, 19,500. 2024இல் 50, 15,000. ஆண்டுக்குப் பதினைந்து புள்ளி என்ற சீரான இறக்கம். அந்தக் கணக்கில் 2025இல் 65 என்றுதான் விவசாயிகள் எதிர்பார்த்திருப்பார்கள். 2024 அக்டோபர் பட்ஜெட் 76 என்றது. கையில் வந்தது 7,200. அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. 2026இல் அது வெறும் 600. இந்த வெட்டுகள் எல்லாம் விதிமுறை ஆணைகள் மூலம் வந்தவை. ஆணையை அப்படியே ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், இரு சபைகளாலும் திருத்த முடியாது. மக்களவை கடைசியாக ஓர் ஆணையை ரத்து செய்தது 1979இல், அதுவும் மண்ணெண்ணெய் விலை தொடர்பானது. ஆகவே அங்கே சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதே. பிரபுக்கள் சபையில் துணைநிலைச் சட்டங்களை ஆராயும் குழு இந்த ஆணைகள் பற்றி ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அதை மட்டும் படி. துறை மழுப்பிய இடங்கள் அதில் தெரியும்.

இந்தப் பையில்தான் மிகப் பெரிய கோளாறும் நடந்தது. நீடித்த விவசாய ஊக்கத் திட்டத்தை 2025 மார்ச் 11 அன்று முன்னறிவிப்பின்றி மூடினார்கள். மூடுவதற்கு முன் ஆறு வாரம் வரை அவகாசம் தருவோம் என்று அதற்கு முன்பு சொல்லியிருந்தது அதே துறை. 2024–25, 2025–26 இரண்டு ஆண்டுகளுக்குமான 105 கோடி பவுண்டும் தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்த நேரத்தில் 37,000க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்தன. விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டுச் சமர்ப்பிக்காமல் இருந்த சுமார் 3,000 பேருக்கு, வழக்கு வரும் நிலையில், மே மாதம் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2024க்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இதே வேளாண் பட்ஜெட்டில் 35.8 கோடி பவுண்ட் செலவாகாமல் கிடந்தது. முதலில் ஆள் வரவில்லை, பிறகு ஆள் தாங்கவில்லை. காரணம் கணக்கு முறையில் இருக்கிறது. நாடாளுமன்றம் வாக்களிப்பது ஓராண்டுக்கான பணத்துக்கு. ஒப்பந்தமோ மூன்றாண்டுக்கு, காலாண்டுக்கு ஒரு தவணை. இந்த ஆண்டு கையெழுத்தாகும் ஒவ்வோர் ஒப்பந்தமும் அடுத்த இரண்டு ஆண்டுப் பணத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. துறை நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் இந்த ஆண்டுத் தொகை மட்டும் தெரியும், பிடித்து வைத்த பாரம் தெரியாது. போதாததற்குத் திட்டத்துக்கு வெளிப்படையான உச்சவரம்பும் இருக்கவில்லை, யார் முதலில் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. முழுப் பண்ணையையும் ஓரிரு வகைச் செயல்களுக்கே விட்டவர்கள் இருந்ததால், 2024இல் ஆறு செயல்களுக்கு நிலத்தில் 25 சதவீதம் என்று தடை போட வேண்டிவந்தது. அந்தத் தடையே ஓர் எச்சரிக்கை மணி. யாரும் அதைப் பண விஷயமாகப் படிக்கவில்லை.

இரண்டாவது பை, லீடர் போன்றவற்றுக்கு மாற்றாக வந்த ஊரக இங்கிலாந்து செழிப்பு நிதி. 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை 11 கோடி பவுண்ட். பிறகு 2025–26க்கு 3.3 கோடி. உள்ளாட்சிகள் 2022 நவம்பர் 30க்குள் திட்டம் தரவேண்டும் என்றார்கள். தொகையில் கால்பங்கு முதல் ஆண்டில், முக்கால்பங்கு இரண்டாம் ஆண்டில். முழுவதும் மூலதனச் செலவுக்கு மட்டும். கடைசி நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் மன்றத்துக்கு அடுப்படி கட்டலாம், சூரிய மின்தகடு போடலாம், நடைபாதை சீர்செய்யலாம். அந்த மன்றத்தைத் திறந்து வைத்து, முதியோரை வண்டியில் கூட்டிவந்து, கணக்கு எழுதும் ஆளுக்குச் சம்பளம் தரமுடியாது. லீடரில் உள்ளூர்க் குழுவை நடத்தும் ஆளுக்காவது சம்பளம் இருந்தது. ஆள் போனதும் சிறிய ஊர்களில் விண்ணப்பம் எழுதவே ஆள் இல்லாமல் போனது.

அதன் அண்ணனான ஐக்கிய இராச்சியப் பகிர்ந்த செழிப்பு நிதியிலும் இதே கதை: மூன்றாண்டில் 260 கோடி, 40, 70, 150 என்று பின்னால் குவித்து வைத்தார்கள். ஒதுக்கீட்டை 2022 ஏப்ரலில் அறிவித்து, திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது டிசம்பரில். முதல் நிதியாண்டில் மிச்சம் நாலு மாதம். அதற்குள் செலவழி என்றால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும், கையில் ஏற்கனவே தயாராக இருந்த வேலைக்கு வவுச்சர் போடுவார்கள். ஊருக்கு எது தேவை என்ற கேள்வி பின்னால் போய்விடும். 2025–26க்கு 90 கோடி தந்தார்கள், அதுவும் மார்ச் 2026 வரைதான்.

மூன்றாவது பை டெஃப்ராவிலேயே இல்லை. ஊரக உள்ளாட்சிகளுக்குச் சேவைச் செலவு அதிகம் என்று கொடுத்துவந்த ஊரகச் சேவை மானியம் 2024–25இல் 11 கோடி பவுண்ட். செழிப்பு நிதியும் 11 கோடி என்பதால் பத்திரிகைகள் இரண்டையும் குழப்புகின்றன, நீ குழம்பாதே. இந்த மானியம் வீட்டுவசதி, உள்ளாட்சித் துறையிலிருந்து வந்தது. 2025–26 பங்கீட்டில் அதை எடுத்துவிட்டார்கள். டெஃப்ராவைக் கண்காணிக்கும் தெரிவுக்குழுவின் எல்லைக்கு வெளியே இது நடந்ததால் அங்கே பெரிதாகச் சத்தம் எழவில்லை. 2013இல் கிராமப்புறச் சமூகங்களுக்கான ஆணையத்தை ஒழித்த பிறகு, எல்லாத் துறைகளையும் ஒரு சேரப் பார்த்துக் கிராமத்துக்காகப் பேச வெளியே ஓர் அமைப்பு இல்லை. பிரபுக்கள் சபைக் குழு ஒன்று 2018இலும் இன்னொன்று 2019இலும் இதைத்தான் சுட்டின. ஊரகப் பொருளாதாரத்துக்குத் தனி வியூகம் வேண்டும் என்றது ஃபாஸ்டர் பிரபு தலைமையிலான 2019 அறிக்கை. பழைய அறிக்கைதானே என்று தள்ளாதே. அதில் கேட்ட கேள்விகளில் பாதியை இன்றும் அப்படியே கேட்கலாம்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் பற்றிச் சுருக்கமாக: 2025–26 முதல் அவர்களின் வேளாண் பணத்துக்கு இருந்த தனி வேலி போய்விட்டது, பொது மானியத்தோடு கரைந்துவிட்டது. இனிமேல் கூடுதலோ குறைவோ பார்னெட் சூத்திரப்படி, அதாவது மக்கள்தொகைப் பங்கில். மக்கள்தொகையில் 8 சதவீதம் போல இருக்கும் ஸ்காட்லாந்து, வேளாண் நிதியில் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்குப் பங்கு பெற்றுவந்தது. அடிப்படைத் தொகை தொடர்கிறது என்பதால் உடனே வலி தெரியாது. மெல்ல மெல்லத்தான் தெரியும்.

சரி, உன் கையில் உள்ள கருவிகள். மானியக் கோரிக்கை விவாதத்தில் அதிகம் எதிர்பார்க்காதே. நம்மூர்ச் சட்டமன்ற வெட்டுத் தீர்மானம் மாதிரிதான், தொகையைக் குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்ல முடியாது. ஆனால் கோரிக்கையுடன் துறை தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் விளக்கக் குறிப்பை வரி விடாமல் படி. பிப்ரவரியில் வரும் துணை மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே வரம்புக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் நகர்த்த நாடாளுமன்ற அனுமதி தேவையில்லை. அப்படி நகர்ந்த தொகையின் தடம் அங்கேதான் கிடைக்கும்.

பொதுக் கணக்குக் குழு கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறது என்று எழுதியிருக்கிறாய். முழுக்க ஒப்பமாட்டேன். அதற்குச் சரக்கு தரும் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019 ஜூனிலேயே, புதிய விவசாயத் திட்டம் தொடங்கும் முன்பே, முதல் ஆய்வை வெளியிட்டது. 2021 செப்டம்பரிலும் 2024 ஜூலையிலும் மறுபடி வந்தது. 2022 ஜனவரியில் குழுவும் விவரம் போதவில்லை என்று கடிந்துகொண்டது. எச்சரிக்கை தாமதமாக வரவில்லை. வந்த பிறகு துறை இரண்டு மாதத்தில் பதில் தரும், "ஏற்கிறோம்" என்று எழுதும், ஏற்றதைச் செய்தார்களா என்று ஆண்டுதோறும் விடாமல் துருவிக் கேட்பவர்கள் குறைவு. அந்த வேலையை நீ எடுத்துக்கொள்.

எழுத்துமூலக் கேள்விதான் உன் முக்கிய ஆயுதம். "கிராமப்புறத்துக்கு அரசு என்ன செய்கிறது" என்று கேட்டால் இரண்டு பத்தி விளம்பரம் வரும். இப்படிக் கேள்: 2020–21 முதல் ஒவ்வொரு நிதியாண்டிலும், வேளாண் பட்ஜெட்டின் ஒவ்வோர் உட்தலைப்பிலும், தொடக்க ஒதுக்கீடு எவ்வளவு, துணை மதிப்பீட்டுக்குப் பின் எவ்வளவு, உண்மைச் செலவு எவ்வளவு, மார்ச் 31 அன்று கையெழுத்தாகி இன்னும் கொடுபடாத கடப்பாடு எவ்வளவு. கடைசிக் கேள்விக்குத்தான் திணறுவார்கள், அதை விடாதே. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றில் திணிக்காதே. பதில் தயாரிக்க 850 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால் மறுத்துவிடலாம். நாள் குறித்துப் பதில் கேட்கும் கேள்வி ஓர் உறுப்பினருக்கு நாளுக்கு ஐந்துதான், ஆகவே நான்காக உடைத்து நான்கு தனிக் கேள்வியாகப் போடு. மறுத்தால் தகவல் உரிமைக் கோரிக்கை போடு, அங்கே வரம்பு 600 பவுண்ட், பதிலுக்கு 20 வேலை நாள். கேள்வியில் 'கிராமம்' என்றால் என்ன என்று நீயே வரையறு. அரசு வகைப்பாட்டில் 10,000 பேருக்குக் குறைந்த குடியிருப்பு. வரையறுக்காவிட்டால் அவர்களுக்கு வசதியான வரையறையை எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. வேளாண் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படியான முதல் பல்லாண்டுத் திட்டம் 2021 ஜனவரி முதல் ஏழாண்டுக்கு, அதாவது 2027 முடிய. அடுத்ததற்கான வேலை இப்போதே நடந்தாக வேண்டும். எவ்வளவு பணம் என்று அந்தத் திட்டத்தில் எழுத வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் அலிஸ்டர் கார்மைக்கேல் தலைமையிலான, டெஃப்ராவைக் கண்காணிக்கும் தெரிவுக்குழு இதில் அழுத்தினால் மட்டுமே தொகை உள்ளே வரும். உங்கள் உறுப்பினர் குழுவில் இல்லாவிட்டாலும் எழுத்துச் சான்று அனுப்பலாம். 5ஆம் பிரிவுப்படி வரும் ஆண்டறிக்கைகளை அருகே வைத்துக்கொண்டு எழுது.

கேள்விகளின் வரைவை அனுப்பு, கடப்பாட்டுக் கேள்வியின் சொல்லமைப்பை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். 2024 ஜூலைத் தணிக்கை அறிக்கை உன்னிடம் இல்லையென்றால் சொல், என் பிரதியை அனுப்பிவைக்கிறேன். ஓரத்தில் என் கிறுக்கல் இருக்கும், பொறுத்துக்கொள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்