லேசர் ஆய்வகத்தின் ஏசியை இரவில் நிறுத்தாதீர்கள்: பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான் மாலை 6 மணிக்கு மேல் ஏசி கூடாது என்ற சுற்றறிக்கை வந்தது என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பறைகளுக்கு அது சரிதான். எங்கள் லேசர் ஆய்வகத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கேட்டோம், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

மூலக்கூறுக்குள் அணுக்கள் நகர்வதைப் பார்க்க, ஒரு லேசர் துடிப்பை, அதாவது மிக மிகக் குறுகிய ஒளிக்கீற்றை, இரண்டாகப் பிரிக்கிறோம். முதலாவது மூலக்கூறை உசுப்பிவிடும், சற்றுப் பிந்தி வரும் இரண்டாவது, அந்தக் கணத்தில் அணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும். அந்தத் தாமதத்தை ஒரு கண்ணாடியை நகர்த்தித்தான் உண்டாக்குகிறோம். அது 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பின்னால் போனாலே, ஒளி போய்த் திரும்பும் தூரம் கூடி, தாமதம் சுமார் 6.7 ஃபெம்டோ நொடி கூடிவிடும். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒன்றை மறுபடி நூறு கோடி பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. அயோடின் மூலக்கூறு ஒருமுறை அதிர்ந்து முடிக்கவே சுமார் 160 ஃபெம்டோ நொடிதான் ஆகிறது.

ஏசி நின்றதும் அறை சூடேறி, கண்ணாடித் தாங்கிகள் விரிந்து, இரண்டு லேசர் கற்றைகளும் நாங்கள் ஆராயும் பொருளின் மேல் ஒரே புள்ளியில் விழாமல் விலகிப் போகின்றன. திரையில் அழகாக ஏறி இறங்கிய கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். காலையில் வந்து ஒவ்வொரு திருகாகத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்து, அறையும் நிலைப்பட்டு, அளவெடுக்க உட்காரும்போது மாலையாகிவிடும், நீங்கள் மறுபடி நிறுத்திவிடுவீர்கள். லிஃப்டும் ஆள் நடமாட்டமும் அடங்கி அதிர்வு குறைகிற இரவில்தான் ஐயா எங்களுக்கு நல்ல அளவீடே கிடைக்கும்!

அயோடின் சயனைடின் பிணைப்பு சுமார் 200 ஃபெம்டோ நொடியில் அறுவதை 1987-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் அகமது ஸெவைலின் குழு பார்த்தது, 1999-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. 2023-இல் அதைவிடக் குறுகிய அட்டோ நொடி (ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துடிப்புகளுக்கும் நோபல் கொடுத்துவிட்டார்கள். நாமும் உலகத்தரம் என்று மேடைதோறும் பேசுகிறோம், ஆனால் அதற்கு முதல் தேவையான நிலையான வெப்பநிலைக்கே மனு போட வேண்டியிருக்கிறது. ஒரு லென்ஸ் வாங்க மூன்று கொட்டேஷன், உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாது, இதற்கு நடுவில் ஆய்வுக் காலம் மட்டும் தவறாமல் முடிகிறது. எங்கள் வயதும் போகிறது ஐயா.

சரி, அவற்றைத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு இந்த ஓர் அறையில் மட்டும் 24 மணி நேரமும் ஏசி ஓட தயவுசெய்து உத்தரவிடுங்கள். தனி மீட்டர் பொருத்துங்கள், எத்தனை யூனிட் ஆகிறது என்று மாதாமாதம் நாங்களே குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
லேசர் ஆய்வக ஆய்வு மாணவர்களில் ஒருவர்