பலோம்பேயிலிருந்து ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

மலாவியின் தென்பகுதியில், முலாஞ்சே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஜெபவீட்டுக்கு நீங்கள் அனுப்பிய காணிக்கையில் தகரக் கூரை போட்டு முடித்தாயிற்று. போன ஞாயிறு பிரதிஷ்டை ஆராதனையும் நல்லபடியாக நடந்தது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. அந்தக் கூரையைத் தாங்கும் சுவரையும், அது நிற்கும் மண்ணையும் கொடுத்தவர்களை நீங்கள் பார்த்ததில்லை. அவர்களுக்கும் எல்லாருக்கும் முன்பாக நன்றி சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

முதலில் எங்கள் பாஸ்டர் ஐயா. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போன மலாவிக்காரர்கள் சிலர் 1930-களில் ஊர் திரும்பியபோதே பெந்தெகொஸ்தே அனுபவத்தையும் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் ஐயாவும் அதேபோல் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்து, அங்கே இரட்சிக்கப்பட்டுத் திரும்பியவர்தான். மாமரத்தடியில் நாலைந்து குடும்பங்களோடு சபையை ஆரம்பித்தார். சம்பளம் கிடையாது. பகலில் அடுத்தவர் சோளக்காட்டில் கூலிக்குக் கொத்துவார், சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்துவார். ஐயா, நீங்கள் நட்டதற்குத்தான் நானும் என் கணவரும் வந்து தண்ணீர் ஊற்றுகிறோம்.

நிலம் கொடுத்தவர் கிராமத் தலைவர். அவர் கத்தோலிக்கர், இன்றும் அப்படியே. ஓடைப்பக்கம் சமமான இடம் வேண்டும் என்று சபையார் கேட்டபோது, மேட்டு நிலத்தைத்தான் தருவேன் என்று பிடிவாதமாக நின்றாராம். 1991 மார்ச்சில் மலையிலிருந்து சேறும் பாறையும் இறங்கி ஊர்களையே மூடியதைப் பார்த்தவர் அவர். மலைக்கு அடியில் கிடக்கும் நபோலோ என்னும் பாம்பு புரண்டதால் வந்தது என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் வந்து, இந்த நாட்டில் மட்டும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 1000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். அந்த இரவுகளில் ஊர்ச்சனம் ஏறி வந்து ஒதுங்கியது அந்த மேட்டுக்குத்தான். புல் கூரை பாதி பறந்துவிட்டது, சுவர் அசையவில்லை. தலைவர் ஐயா, உங்கள் பிடிவாதத்துக்கு நாங்கள் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம்.

அந்தச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கல் ஒவ்வொன்றும் எங்கள் பெண்கள் அறுத்தது. விடியுமுன் ஓடையிலிருந்து தலைச்சுமையாகத் தண்ணீர் எடுத்து, மண்ணை மிதித்துக் குழைத்து, மர அச்சில் அடித்துக் காயவைத்தார்கள். முதுகில் சித்தென்ஜே துணியில் குழந்தை தூங்கும், கை வேலையை நிறுத்தாது. சூளை மூட்டியபின் இராத்திரியெல்லாம் விறகு தள்ள வேண்டுமே! சரி, முழு இரவு ஜெபத்தைச் சூளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாமார் முடிவு செய்தார்கள். ஒரு கூட்டம் பாடும், ஒரு கூட்டம் விறகு தள்ளும். அதைவிட நல்ல அஸ்திபார ஆராதனை எந்தச் சபைக்குக் கிடைத்திருக்கும்?

அப்புறம் எங்கள் பகுதி சுகாதார ஊழியர். 2022-இல் தொடங்கிய காலரா இந்த நாட்டில் 1,700 பேருக்கு மேல் பலிகொண்டது. ஜெபம் போதும், மருந்து எதற்கு என்று சிலர் தயங்கிய நேரம். பாஸ்டர் அவரைப் பிரசங்க பீடத்துக்கே அழைத்தார். அவர் குடத்துத் தண்ணீரில் குளோரின் ஊற்றிக் காட்டி, ஓஆர்எஸ் என்னும் உப்புச்சர்க்கரைப் பொடியையும் கரைத்துக் காட்டினார். முதல் தம்ளரைச் சபையார் முன்னால் பாஸ்டரே குடித்தார். விசுவாசத்துக்கும் வைத்தியத்துக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். கைகுலுக்குவதை நிறுத்தி, வாசலில் கைகழுவ வாளி வைத்தோம். தம்பி, உங்கள் சைக்கிள் எங்கள் பாதையில் எத்தனை தடவை பஞ்சர் ஆனது என்று எங்களுக்குத் தெரியும். நன்றி.

சபை வளாகத்துக் கைப்பம்பைப் பார்த்துக்கொள்ளும் தண்ணீர்க் கமிட்டிச் சகோதரிகளுக்கும் நன்றி. கம்பிகளை மேலே இழுத்து, தேய்ந்த ரப்பரை மாற்றி, மத்தியானத்துக்குள் தண்ணீர் வரவைத்துவிடுகிறார்கள். இந்தக் கிணறு எல்லாருக்கும் பொது, யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை சோளம் தீர்ந்துபோகும் மாதங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோளமாவும் சோயாமாவும் கலந்து கஞ்சி காய்ச்சுகிறோம். மாவு இடித்துத் தரும் பாட்டிமாருக்கும், உங்கள் பங்கிலிருந்து சோயா வாங்க உதவியவர்களுக்கும் கர்த்தர் பலன் தருவாராக. பாஸ்டர் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாக இருக்கிறது, ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
சபையார் எல்லார் சார்பிலும்,
உங்கள் சகோதரி
பலோம்பே, மலாவி