மாடி வீட்டுப் பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

என் பூனை வெல்லம் இன்று காலை தானாக எழுந்து வந்து, கிண்ணத்தில் இருந்த கோழியை முழுசாக முடித்துவிட்டு, என் காலில் ஒரு உரசு உரசிவிட்டுப் போனான். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவனுக்குச் சர்க்கரை நோய், அதற்கு மேல் குடலில் புற்று என்ற கதை உங்களுக்கெல்லாம் தெரியும், முழுசாகத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய பேர். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, குடல் தடித்திருப்பதைக் காட்டி, பயாப்ஸி வரைக்கும் பொறுமையாக விளக்கிய டாக்டருக்கும், அவன் கடித்தும் கோபப்படாத அந்த இரண்டு மாணவிகளுக்கும். குளோராம்புசில் என்ற புற்றுநோய் மாத்திரையை எங்கிருந்தோ வரவழைத்து, பிரிட்ஜில் வைக்கணும், உடைக்கக் கூடாது, கையுறை போடாமல் தொடக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பிய மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு. கூடையோடு ஏற்றிக்கொண்டு, 'பாவம், மெதுவாவே போறேன்' என்ற ஆட்டோக்காரருக்கு. கேட்காமலே பணம் அனுப்பியவர்களுக்கு, லீவு கொடுத்த மேனேஜருக்கு, வெல்லம் என்று பேர் வைத்தால் சர்க்கரை வராமல் என்ன வரும் என்று கேட்டு அந்த நேரத்திலும் என்னைச் சிரிக்க வைத்தவருக்கும்கூட.

ஆனால் இந்த மடல் உண்மையில் மாடி வீட்டுப் பாட்டிக்குத்தான். அவர் இதைப் படிக்கப் போவதில்லை. பேத்தி படித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

பாட்டிக்கு வெல்லத்தைப் பிடிக்காது. போன வருஷம் சித்திரையில் மொட்டை மாடியில் பிழிந்து வைத்த கூழ்வத்தல் மேல் இவன் நடந்துபோன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சே சுருங்கிவிட்டது. இவனுக்கு அவர் வைத்த பேர் 'அந்த சனியன்'. நியாயம்தான், இரண்டு படி அரிசி.

அவன் சுகர் இறங்கிச் சாகக் கிடந்த அந்த ராத்திரி, 9 மணிக்கு அவன் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இன்சுலின் ஊசி போட்டேன். 6 யூனிட். 11 மணிக்குச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். சரி, மாத்திரையின் வேலை என்று துடைத்துவிட்டுப் படுத்தேன். ஒன்றேகால் மணிக்குச் சுவரில் ஏதோ முட்டும் சத்தம். பார்த்தால் குடித்தவன் மாதிரி பின்னங்கால் பின்ன நடக்கிறான், கண் எங்கேயோ நிலைத்திருக்கிறது. காதோரம் குத்தி மீட்டரில் சுகர் பார்த்தேன், 38, ஆபத்தான இறக்கம். மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். சுகர் இறங்கினால் அரை மணிக்கு ஒருதரம் பார்க்கணும் என்று தெரிந்தவளுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்தது தெரியவில்லை.

ஈறில் தேன் தடவிவிட்டு, அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பாட்டி முப்பது வருஷமாகச் சர்க்கரைக்காரர், அவரிடம் மீட்டர் இருக்கும், அவ்வளவுதான் மனதில். ஒரு நாலு ஸ்ட்ரிப் கேட்கலாம் என்று. கதவைத் திறந்தவர் என்னையும் துண்டையும் பார்த்தார். 'எவ்ளோ?' என்றார். 38 என்றேன். 'உள்ள வா.'

ஸ்ட்ரிப் தரவில்லை. 'உன் மீட்டர்ல என்னுது ஏறாது கண்ணு, மீட்டருக்கு மீட்டர் பத்து இருபது மாறும், இனிமே விடியுற வரைக்கும் இதுலயே பாரு' என்று தன் மீட்டரையே எடுத்து வைத்தார். வலிக்கிற முட்டியோடு தரையில் உட்கார்ந்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவன் காதைப் பிடித்துக்கொண்டார், ரத்தம் சீக்கிரம் வரும் என்று. யாரும் சொல்லித் தரவில்லை, தன் விரலுக்குச் செய்வதை அவன் காதுக்குச் செய்தார். குளுக்கோஸ் பொடியைக் குழைத்து நான் ஊட்டப் போனபோது, தொண்டைக்குள் விடாதே, புரை ஏறும், ஈறில் மட்டும் தடவு என்று என் கையைத் தட்டிவிட்டார். தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மணியும் எண்ணும் எழுதிக்கொண்டே வந்தார். 45. 61. மறுபடி 52, அப்போது நான் அழுதுவிட்டேன். 'ஏறினா கிடக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம். இறங்கினாத்தான் இப்பவே பார்க்கணும். அழுதா கை நடுங்கும், குத்து.' 84. அஞ்சு மணிக்கு 117. அவனாகவே கொஞ்சம் கோழித் தண்ணீர் நக்கினான்.

எனக்குப் புரியாமல் போனதை அந்தத் தரையில் உட்கார்ந்துதான் யோசித்தேன். ஒரு வருஷமாக 2 யூனிட்டில் ஒழுங்காக இருந்தவனுக்குச் சுகர் திடீரென்று 400ஐத் தொட்டபோது, ஒரு இடத்தில் 'வயசாச்சு, டோஸை ஏத்துங்க' என்று முடித்துவிட்டார்கள். உள்ளே குடலில் புற்று வளர்ந்து, அந்த அழற்சியால் இன்சுலினை உடம்பு மதிக்காமல் போயிருக்கிறது. இன்சுலினைக் கூட்டக் கூட்ட எடை குறைந்துகொண்டே போனதை நான் சாப்பாட்டின் மேல் பழி போட்டேன். அந்தப் புற்று லிம்போமா என்று தெரிந்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியதும் அது தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றியது, அப்படித்தான் 6 யூனிட்டுக்கு வந்தோம். அப்புறம் மருந்து வேலை செய்து கட்டி அடங்க ஆரம்பித்ததும் அதே 6 அவனுக்கு மலையாகிவிட்டது. நல்லது நடந்துகொண்டிருந்தது, அதனால்தான் அவன் சாகக் கிடந்தான். இதை எந்த டாக்டரும் மறைக்கவில்லை, தினமும் வீட்டில் சுகர் பாருங்கள் என்றுதான் சொன்னார்கள். பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும், ஆஸ்பத்திரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொன்னார்கள். நான்தான் காதைக் குத்தப் பாவப்பட்டு இரண்டு நாளுக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஊசிக்கு முன்னால் பார்க்காமல் ஒரு சொட்டுகூட ஏற்ற மாட்டேன், அவன் கடித்தாலும் சரி.

காலையில் டாக்டருக்குப் போன் போட்டதும் அன்றைய ஊசியை நிறுத்தி, அடுத்து பாதி டோஸ் என்றார். இப்போது 2 யூனிட்டுக்கே வந்துவிட்டான், எண்கள் இருநூறு சொச்சத்தில் இருக்கின்றன. புற்று போய்விடவில்லை, தெரியும். இந்த வகை மெதுவாகத்தான் வளரும், மருந்துக்குக் கேட்கிற பூனைகள் வருஷக்கணக்கில் இருக்கின்றன என்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விடிந்ததும் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் ஸ்ட்ரிப் டப்பாவைப் பார்த்தேன், காலி. அன்றைக்கு வெறும் வயிற்றில் அவர் பார்க்க வேண்டிய சர்க்கரையை அவர் பார்க்கவில்லை. 'எனக்கு ஒரு நாள் பார்க்காட்டி என்ன, நேத்து பொங்கல்தான் தின்னேன், தெரிஞ்ச கதைதானே' என்றார். இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார், 'அவனுக்கு வச்சுக்கோ' என்று.

அந்தக் காலண்டர் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் முழுக்க நடுங்கிய கையெழுத்தில் எண்கள். மேலே, நோயாளி பேர் எழுதுகிற இடம் மாதிரி, 'வெல்லம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

பாட்டி, வருகிற சித்திரையில் நீங்கள் வத்தல் பிழியுங்கள். காய்கிற வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் காவலுக்கு நான் உட்காருகிறேன்.