மதர்போர்டு ரிவ்யூ பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நீங்க போடுற ரிவ்யூ எதையும் விடாம படிக்கிற ஆளு நான். எந்த போர்டு வாங்கலாம்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டா உங்களை நம்பித்தான் பதில் சொல்றேன், அந்த உரிமையிலதான் இத எழுதுறேன்.

அஞ்சாறு போர்டு எடுத்து, ஒரே ப்ராசஸர், ஒரே ரேம், ஒரே கிராஃபிக்ஸ் கார்டு போட்டு, ப்ராசஸர் வேகத்த அளக்குற சினிபெஞ்ச் ஓட்டி, கேம்ல செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) வருதுன்னு பாத்து ஒரு பார் சார்ட் போடுறீங்க. முதல்ல வந்ததுக்கும் கடைசில வந்ததுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். அத வெச்சு இந்த சிப்செட் (ப்ராசஸரையும் மத்த பாகங்களையும் இணைக்கிற, போர்டுலயே இருக்குற சிப்) ஃபாஸ்ட்டு, அது ஸ்லோன்னு எப்படிங்க தீர்ப்பு சொல்றீங்க?

ஒரு காலத்துல அது சரியான டெஸ்ட்தான், இல்லைன்னு சொல்லல. ரேம கட்டுப்படுத்துற மெமரி கண்ட்ரோலர், சிப்செட்டோட ஒரு பகுதியான நார்த் பிரிட்ஜ்ல இருந்த வரைக்கும் சிப்செட் மாறினா ரேம் ஸ்பீடும் மாறும், சிப்செட் தயாரிச்ச விஐஏவும் என்விடியாவோட என்ஃபோர்ஸும் மோதிக்கிட்டதே அதுலதான். ஆனா 2003ல அத்லான் 64 வந்தப்பவே ஏஎம்டி அந்த கண்ட்ரோலர ப்ராசஸருக்குள்ள கொண்டு போயாச்சு, 2008ல நெஹேலம் வந்தப்போ இன்டெலும் அதே வழிக்கு வந்தாச்சு. இப்போ சிப்செட்டுக்கு மிச்சம் இருக்குறது யூஎஸ்பி, ஹார்ட் டிஸ்க் மாட்டுற சாட்டா, நெட்வொர்க், எஸ்எஸ்டி மாட்டுற கூடுதல் எம்.2 ஸ்லாட் இந்த மாதிரி வேலைகள்தான்.

அப்போ அந்த வேலைய டெஸ்ட் பண்ணுங்க! ஏஎம்டியோட பி650 சிப்செட் போர்டுல சிப்செட்டுக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்குறது பிசிஐஇ 4.0ங்குற இணைப்புல 4 லேன் (டேட்டா போற தடம்), செகண்டுக்கு ஏறக்குறைய 8 ஜிபி. செகண்டுக்கு 7 ஜிபி ரீட் பண்ற எஸ்எஸ்டி ஒண்ணே அந்த பாதைய கிட்டத்தட்ட நிரப்பிடும், அதே சிப்செட்டுக்கு கீழ இன்னொரு ஸ்லாட் இருந்து அதுலயும் ஒரு எஸ்எஸ்டி போட்டு ரெண்டையும் ஒரே நேரத்துல ரீட் பண்ண விட்டா ஒவ்வொண்ணோட ஸ்பீடும் ஏறக்குறைய பாதி ஆயிடும், அதுக்கு மேல யூஎஸ்பி டிரைவும் நெட்வொர்க்கும் அதே வழியிலதான் போகணும். இன்டெலோட இசட்790 சிப்செட்ல அதே லிங்க் 8 லேன், ரெட்டிப்பு அகலம். சிப்செட் வித்தியாசம்னா இதுதாங்க, இதுக்கு ஒரு சார்ட்டு போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்.

அப்புறம் எம்.2 போட்டா எந்த சாட்டா போர்ட் செத்துப்போகும், கிராஃபிக்ஸ் ஸ்லாட் 16 லேன்ல இருந்து 8 ஆகுமா, இதெல்லாம் மேனுவல்ல பொடி எழுத்துல இருக்கும், ரிவ்யூல ஒரு வரி கூட இருக்காது. வாங்கி மாட்டினதுக்கு அப்புறம்தான் பழைய ஹார்ட் டிஸ்க் ஏன் தெரியலைன்னு மண்டைய பிச்சுக்கணும்.

ரேமும் எப்பவும் ரெண்டு ஸ்டிக்தான் போட்டுப் பாக்குறீங்க. ஏஎம்டியோட ரைசன் 7000 ப்ராசஸர்களுக்கு ரெண்டு ஸ்டிக்னா ஏஎம்டி சொல்ற ரேம் ஸ்பீடு 5200 எம்டி/எஸ் (செகண்டுக்கு எத்தனை மில்லியன் டிரான்ஸ்ஃபர்ங்குற கணக்கு), நாலு ஸ்டிக் போட்டா 3600 மட்டும்தான். நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல நாலையும் நிரப்பி, எந்த ஸ்பீடுல எரர் இல்லாம நிக்குதுன்னு காட்டுங்க.

அந்த ஒரு சதவீத வித்தியாசம் எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. நிறைய நேரம் அது பயாஸ்ல (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) டீஃபால்ட்டாவே ப்ராசஸரோட பவர் லிமிட்ட தூக்கி விட்டதால வர்றது. ஐ9 13900கே ப்ராசஸருக்கு இன்டெல் வெச்ச லிமிட் 253 வாட், சில போர்டுல அது பெட்டியில இருந்து எடுத்ததுமே 4096 வாட்னு இருந்துச்சு, அதாவது லிமிட்டே கிடையாது. 2024ல 13, 14ஆவது தலைமுறை சிப்புகள் கிராஷ் ஆன விவகாரத்துல இன்டெல் சொன்ன நாலு காரணத்துல போர்டுகளோட பவர் செட்டிங்கும் ஒண்ணு. அப்படிப்பட்ட போர்டுதான் உங்க சார்ட்ல முதலிடம் வாங்குது, எனக்கு இதுலதான் உண்மையிலேயே கோவம் வருது. லிமிட்ட சமமா வெச்சு ஒரு தடவை, டீஃபால்ட்ல ஒரு தடவை ஓட்டி ரெண்டையும் போடுங்க. விஆர்எம் (ப்ராசஸருக்கு ஏத்த வோல்டேஜ்ல கரண்ட் குடுக்குற பகுதி) சூட்டையும் திறந்த டேபிள்ல வெச்சு அளக்காம கேஸ்க்குள்ள வெச்சு, வாட்டர் கூலர் போட்டு அரை மணி நேரம் லோடு குடுத்து அளந்து பாருங்க, ஏன்னா வாட்டர் கூலர் போட்டா பெரும்பாலும் ப்ராசஸர் சாக்கெட்ட சுத்தி காத்து ரொம்ப குறைஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. 2011 ஜனவரியில இன்டெல் 6 சீரிஸ் சிப்செட்ல சாட்டா போர்ட் நாள் ஆக ஆக கெட்டுப்போகும்னு அவங்களே அறிவிச்சாங்க, அதெல்லாம் ரெண்டு நாள் டெஸ்ட்ல பிடிபடாது. முடிஞ்சா ஒரு போர்டையாவது ஆறு மாசம் தினமும் யூஸ் பண்ணி, நடுவுல வந்த பயாஸ் அப்டேட் எல்லாம் போட்டுட்டு, அதே டெஸ்ட்ட திரும்ப ஓட்டி ரிசல்ட்ட பழைய ரிவ்யூவுலயே சேத்து விடுங்க.