கழிப்பதற்கு முதல்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது என்று வாசித்ததும்தான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது. மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வளவில் இன்று கணுக்கால் அளவு தண்ணீர்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரட்டை வால் தங்கமீன் பொரித்து ஒரே தொட்டியில் அறுநூறு குஞ்சுகள் என்று எழுதியிருந்தாய். ஒற்றை வாலையும் கோணலையும் கழித்துவிட்டு, அதாவது கொன்று ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கொண்டு வரச் சொல்லிக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வாசித்த உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் ஏஞ்சல் மீன் சோடி ஒரு பிவிசி குழாய்த் துண்டில் முட்டை போட்டது. மூன்றாம் நாள் பொரித்தது. இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் எழும்பி நீந்த வேண்டும். பாதிதான் எழும்பின. மற்றவை வயிறு நிலத்தில் இழுபட, அடியிலேயே ஊர்ந்து திரிந்தன. பரம்பரைக் கோளாறு என்று நானே முடிவுகட்டி, எழுபது எண்பது குஞ்சுகளை ஒரே பின்னேரத்தில் கழித்துவிட்டேன். சோடியையும் விற்க இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நீந்தத் தொடங்கும் நாட்களில் குஞ்சு மேலே வந்து ஒரு மிடறு காற்று விழுங்கினால்தான் மிதக்க உதவும் அதன் காற்றுப்பை நிரம்பும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதற்கு வழியில்லை. நானோ அவசரப்பட்டு, அவை நீந்த முதலே அவித்த முட்டை மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றியிருந்தேன். அந்தக் கொழுப்பு தொட்டி முழுக்க மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

அடுத்த முறை மஞ்சள்கருவைத் தொடவில்லை. காலையும் மாலையும் பத்திரிகைத் தாளைத் தண்ணீர்மேல் விரித்து, படலத்தை ஒற்றி எடுத்தேன். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகுதான் ஆர்ட்டீமியா என்ற பொடி உயிர்த்தீனி கொடுத்தேன். அதே சோடி, அதே தொட்டி. அடியில் தங்கியவை நான்கே நான்கு. முதல் முறை நான் கழித்தவற்றில் அநேகமானவை என் கையால் கெட்டவை, மச்சான். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அதற்காகக் கழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுகு வளைந்த கப்பி மீன்கள் கொஞ்சத்தை ஒருமுறை மனம் கேட்காமல் பக்கத்துத் தெருப் பொடியன் ஒருவனுக்குச் சும்மா கொடுத்தேன். கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெட்டை பிறகு ஆண் இல்லாமலும் சில மாதம் போடும். ஆறு மாதம் கழித்து அவன் ஒரு வாளியைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே பாதி அரிவாள்போல வளைந்த மீன்கள். சில தீனியை எட்ட முடியாமல் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. அன்றைக்கு நான் காட்டிய இரக்கம் அந்த வாளிக்குள் வந்து நின்றது.

அதனால் உன் அறுநூறையும் ஒரே நாளில் பிரிக்காதே. மூன்று நான்கு வாரம் போகட்டும். பிறகு ஒரு வெள்ளைப் பேசினில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, பத்துப் பத்தாக அள்ளிப்போட்டு மேலிருந்து பார். ஒற்றை வால் நூல் மாதிரி நேராக இருக்கும். இரட்டை வால் கத்தரிக்கோலை விரித்ததுபோலப் பிரிந்து தெரியும். நிறத்தை வைத்து ஒன்றையும் ஒதுக்காதே. தங்கமீன் குஞ்சு கறுத்த பச்சையாகத்தான் வளரும். நிறம் மாற இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலதுக்கு இன்னும் கூட.

ஒற்றை வால் நோயில்லை. கடைக்காரருக்கு வேண்டாம் என்பதற்காக ஒரு சுகமான மீனைக் கொல்ல எனக்கு இப்போது மனமில்லை. அவை வேகமாக நீந்தி மற்றவற்றின் தீனியையும் பறித்துவிடும். அதனால் வேறு தொட்டிக்கு மாற்று, அது போதும். உண்மையில் கழிக்க வேண்டியவை வாய் திறக்காதவை, முள்ளந்தண்டு முறுகியவை, தீனிக்கு எழும்ப முடியாதவை. ஆனால் அவை நிறைய வந்தால் கத்தியைத் தேட முதல் தண்ணீரைப் பார், தீனியைப் பார், நெருக்கத்தைப் பார். விற்றமின் சி குறைந்த பழைய தீனியாலும் முதுகு வளையும்.

கழிக்கிற விதத்தையும் சொல்கிறேன். மகளுக்குத் தெரியாமல் கக்கூசில் ஊற்றுவது, ஐஸ் பெட்டியில் வைப்பது, மணலில் எறிவது, ஒன்றும் வேண்டாம். பல்வலிக்கு வைத்திருக்கும் கராம்பு எண்ணெய் போதும். அது தண்ணீரோடு நேரே கலக்காது. சின்னப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, எண்ணெயைச் சேர்த்துப் பால்போல வரும்வரை குலுக்கு. லீட்டருக்குப் பத்துச் சொட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குஞ்சு முதலில் சரியும், பிறகு செவுள் மெல்ல மெல்ல அடங்கும். அடங்கிவிட்டது என்று உடனே எடுக்காதே, அரை மணித்தியாலம் விடு. நான் பக்கத்தில் இருந்து முடியும்வரை பார்ப்பேன். பிறகு தேசிமரத்தடியில் புதைப்பேன்.

வாய்க்காலில் விட்டால் பிழைத்துப் போகட்டும் என்று எழுதியிருந்தாயே, அதைமட்டும் செய்யாதே. பார்க்க வடிவு என்று கொண்டுவந்த ஆற்றுவாழையை, ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்களே, அதை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். இன்றும் அது களப்பை மூடிக் கிடக்கிறது. தொட்டிக் கண்ணாடியை நக்கித் துப்புரவாக்கும் என்று வாங்கிய சக்கர் மீன் வளர்ந்ததும் ஆட்கள் குளத்தில் கொட்டினார்கள். இப்போது வலையில் அதுதான் ஏறுகிறது, வாங்க ஆளில்லை. 2011 தை வெள்ளத்தில் என் இரண்டு சீமெந்துத் தொட்டியும் நிரம்பி மீன் எல்லாம் களப்புப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் தொட்டிகளுக்கு வலை கட்டிவிடுவேன். நீயும் மழை இன்னும் பலக்க முதல் கட்டு.

அடுத்த முறைக்கு ஒன்று. தங்கமீன் முட்டையை ஆற்றுவாழை வேரில்தானே ஒட்டவைக்கிறாய்? இரண்டு வேர்க்கொத்தை மட்டும் பொரிக்க எடு. மற்றதைத் தாய் தகப்பனோடே விட்டுவிடு, அவையே தின்று முடித்துவிடும். உன்னிடம் இருக்கும் தொட்டிக்கு நூறு குஞ்சு தாராளம்.

இந்த முறை வரும் ஒற்றை வால்களை என்னிடம் அனுப்பு. பின் வளவில் ஒரு தொட்டி வெறுமையாக இருக்கிறது, நுளம்புக் குடம்பியும் பெருகிக் கிடக்கிறது. பையில் கால் பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. முதல் நாள் தீனி போடாதே. காரைதீவில் விடிய பஸ் ஏறினால் வெயில் ஏற முதல் இங்கே இறங்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு வா. எந்தத் தொட்டியில் விடுவது என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்