பாட்டிலில் உறைவது மெழுகு அல்ல: கிரேவி பேஸ்ட் வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம் செட்டிநாடு கிரேவி பேஸ்ட் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்து, மேலே வெள்ளையாக உறைந்திருப்பதைக் கரண்டியால் தட்டிக் காட்டும் வீடியோ ஒன்று மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. டக் டக் என்று சத்தம் கேட்கிறது. "பாருங்க, மெழுகு ஊத்தியிருக்காங்க" என்று ஒரு குரல் சொல்கிறது. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி, உண்மையா என்று கேட்டீர்கள். நேராக எங்களிடம் கேட்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னதை எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறோம்.

அது மெழுகு இல்லை, தேங்காய் எண்ணெய். செட்டிநாட்டு மசாலாவுக்குத் தேங்காயைத் துருவி, கடலை எண்ணெயில் சிவக்க வறுத்து, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகோடு சேர்த்து அரைக்கிறோம். வறுக்கும்போது தேங்காய் விடும் எண்ணெய், கடலை எண்ணெயோடு கலந்து பாட்டிலின் மேல் மட்டத்துக்கு ஏறி நிற்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் குளியலறை அலமாரியில் இருக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டாதே, அதே சங்கதிதான். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது நாலைந்து டிகிரி. அந்தக் குளிரில் கடலை எண்ணெயும் கலங்கித் தடித்துவிடும். இரண்டும் சேர்ந்து மேலே ஒரு வெள்ளைத் தட்டு மாதிரி நிற்பதைத்தான் வீடியோவில் பார்க்கிறீர்கள். நம் புளியோதரைப் பேஸ்ட்டை அதே ஃப்ரிட்ஜில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இப்படி ஆகாது. அதில் ஊற்றுவது நல்லெண்ணெய், தேங்காயும் கிடையாது.

எங்கள் பேச்சை நம்ப வேண்டியதில்லை, வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். அந்த வெள்ளையில் மிளகளவு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேயுங்கள். அரை நிமிடத்தில் எண்ணெயாக ஓடிவிடும். மெழுகுவர்த்தி மெழுகு உருகுவதற்குப் பொதுவாக 50 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடு வேண்டும். கைச்சூடு 35 டிகிரி அளவில்தான் இருக்கும், அதில் மெழுகு உருகாது, உருண்டுகொண்டே இருக்கும். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, அதில் அரைக் கரண்டி பேஸ்ட்டைப் போடுங்கள். எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும், கட்டியாக எதுவும் நிற்காது. டால்டாவோ என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். டால்டா நம் ஊர் அறை வெப்பத்திலேயே கெட்டியாக நிற்பது. அதை ஊற்றியிருந்தால் கடை அலமாரியில் இருக்கும் பாட்டிலிலேயே வெள்ளை தெரிந்திருக்கும், ஃப்ரிட்ஜ் வரை போகத் தேவையில்லை.

வீடியோ எடுத்தவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. திறந்த பின் ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்று அச்சடித்தவர்கள், வைத்தால் உறையும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதது எங்கள் தவறு, மன்னிக்க வேண்டுகிறோம். ஆனால் ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறோம். விலை மலிவான பாமாயில் பக்கம் ஒரு முறைகூடப் போகாமல் கடலை எண்ணெயிலேயே வறுத்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்து மெழுகு ஊற்றுகிறார்கள் என்று சொன்னது வலிக்கத்தான் செய்கிறது.

இதோடு, எந்த வெள்ளையைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை எல்லாமே எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உறைந்த எண்ணெய் வழவழப்பாக, ஒரே தட்டாக இருக்கும். பூஞ்சை பஞ்சு போல, புள்ளிபுள்ளியாக, பெரும்பாலும் பாட்டில் கழுத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் வரும். பச்சையோ கறுப்போ ஓடியிருக்கும். அப்படி இருந்தால் மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாதீர்கள், முழுப் பாட்டிலையும் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். காரணம் பத்துக்கு ஒன்பது தடவை ஈரக் கரண்டிதான். குழம்பைக் கிளறிய கரண்டியையே பாட்டிலுக்குள் விட்டால் அதிலிருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். காய்ந்த ஸ்டீல் கரண்டியால் எடுத்து, மேற்பரப்பைச் சமப்படுத்தி, எண்ணெய் பேஸ்ட்டை மூடி நிற்கும்படி வையுங்கள். திறந்த பின் 30 நாளைக்குள் முடித்துவிடுங்கள். புதுப் பாட்டிலின் மூடி நடுவில் குழிந்திருக்க வேண்டும். சுடச்சுட நிரப்பி மூடுவதால், ஆறும்போது உள்ளே இழுத்துக்கொண்டு குழியும். அழுத்தும்போது டப்பென்று உள்ளே போய் மேலே எழும்பினால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். திறக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

அடுத்த புகார், பேஸ்ட்டில் சமைத்தால் ஒன்று உப்புக் கரிக்கிறது, இல்லை தண்ணீராக ஓடுகிறது என்பது. இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் முதல் முறையாகக் கரண்டி பிடிப்பவர்கள். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள், வேலைக்காக வெளியூர் போனவர்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

அரை கிலோ பிராய்லர் கோழிக்கு 150 கிராம் பேஸ்ட் வேண்டும். தராசு இல்லாதவர்கள் மேசைக்கரண்டியில் சற்றே குவித்து எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு தனியாகப் போடவே கூடாது. பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள், 100 கிராமுக்கு 2400 மில்லிகிராம் சோடியம் என்று இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் கணக்கு வரும். அதாவது 100 கிராம் பேஸ்ட்டில் 6 கிராம் உப்பு. 150 கிராம் பேஸ்ட்டில் 9 கிராம், ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. அரை கிலோ கோழிக்கும் அதன் சாறுக்கும் இதுவே போதும். கோழியில் உப்பு, மஞ்சள் தடவி ஊற வைத்துவிட்டுப் பிறகு பேஸ்ட்டைப் போடுபவர்களுக்குத்தான் கரிக்கிறது. ஊற வைக்க வேண்டுமென்றால் மஞ்சளும் இரண்டு கரண்டி தயிரும் மட்டும் போதும்.

அடி கனமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, ஓரம் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். இனி தீயை நன்றாகக் குறைத்துவிட்டுப் பேஸ்ட்டைப் போடுங்கள். மூன்று நிமிடம், கை எடுக்காமல் கிளற வேண்டும். மசாலாவின் மணமும் மிளகாயின் காரமும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. அதனால்தான் தண்ணீர் கொதிக்க வைத்துப் பேஸ்ட்டைக் கரைத்து ஊற்றுபவர்களுக்கு மணமும் எடுப்பதில்லை, நிறமும் வருவதில்லை. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, பளபளவென்று சட்டியை விட்டு நழுவ ஆரம்பித்தால் அதுதான் பதம். தீ அதிகமாக இருந்தால் வெங்காயமும் தேங்காயும் அரை நிமிடத்தில் அடிப்பிடித்துக் கசப்பு ஏறும். கசந்த மசாலாவுக்கு வைத்தியம் கிடையாது, கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். ஒட்டுவது போலத் தெரிந்தால் உடனே இரண்டு கரண்டி தண்ணீர் தெளியுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் சமைப்பவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல அடுப்புகளில் குறைந்த அளவில் வைத்தால் சூடு ஒரே சீராக வராது, விட்டு விட்டுப் பாயும். மெல்லிய பாத்திரமாக இருந்தால் நடு வட்டம் மட்டும் கருகும். கனமான பாத்திரம் இல்லையென்றால், பேஸ்ட் வதக்கும் மூன்று நிமிடமும் அடுப்பை அணைத்து அணைத்துப் போடுங்கள், பரவாயில்லை.

பிறகு கோழி. ஐந்து நிமிடம் பிரட்டுங்கள், அதுவே தண்ணீர் விடும். அதைப் பார்த்த பிறகு 200 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள், முதலிலேயே ஊற்றாதீர்கள். மூடி, சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால் சாறு சுண்டித் தடித்துவிடும். கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றுவது வேண்டாம், செட்டிநாட்டுக் குழம்பு சைனீஸ் கிரேவி போல ஆகிவிடும். ஆட்டுக்கறியாக இருந்தால் மஞ்சளும் ஒரு டம்ளர் தண்ணீரும் மட்டும் விட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் வேக வைத்துக்கொண்டு, அதைப் பேஸ்ட் வதக்கிய சட்டியில் சேருங்கள். பேஸ்ட்டைக் குக்கருக்குள் போட்டால் கனமாக இருப்பதால் அடியில் போய் உட்காரும். விசில் வருவதற்குள் தீய்ந்த வாசனை வந்துவிடும்.

உருளைக்கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது என்று நிறைய பேர் சொன்னார்கள். பேஸ்ட்டில் புளியும் தக்காளியும் இருக்கின்றன. புளிப்பில் போட்டால் கிழங்கு விறைத்துக்கொள்ளும், முக்கால் மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். கொண்டைக்கடலைக்கும் இதே கதைதான். இரண்டையும் வெறும் தண்ணீரில் மலர வேக வைத்துவிட்டுச் சேருங்கள். மீனென்றால் கொதிக்கும் குழம்பில் போட்டு ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டியை விடாதீர்கள், சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்றுங்கள். அவித்த முட்டையை நாலு இடத்தில் கீறிவிட்டுப் போட்டால் சாறு உள்ளே இறங்கும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்குத் துண்டு போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது கொஞ்சம் உப்புச் சாற்றைக் குடித்துக்கொள்ளுமே தவிர, மீதிச் சாற்றின் கரிப்பு அப்படியே இருக்கும். ஒரு வெங்காயமும் ஒரு தக்காளியும் தனியாக உப்பில்லாமல் வதக்கிச் சேர்ப்பதோ, அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றுவதோதான் வழி. காரத்துக்கும் தேங்காய்ப்பால்தான் நல்லது, தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்க்கும், காரம் நிற்கும். தேங்காய்ப்பாலை இறக்கும் சமயத்தில் ஊற்றுங்கள், கொதிக்க விட்டால் திரிந்துவிடும். புளிப்பு தூக்கினால் சுண்டைக்காய் அளவு வெல்லம்.

காரம் முன்பு மாதிரி இல்லை, நிறம் மாறியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிளகாய் மாறவில்லை. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் இன்றும். அறுவடைக்கு அறுவடை வற்றலின் சிவப்பும் காரமும் கொஞ்சம் ஏறும், இறங்கும். அதைச் சாயம் போட்டுச் சரிக்கட்ட மாட்டோம். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், கடலை எண்ணெய், கண்ணாடிப் பாட்டில், கூரியர் என்று எல்லாமே ஏறிவிட்ட நிலையிலும் பாட்டில் விலையை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. தை மாதத்திலிருந்து பாட்டில் 300 கிராமுக்குப் பதில் 250 கிராமாக வருகிறது, நிகர எடை லேபிளில் அச்சாகியிருக்கிறது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கடைக்கு வந்து, "நாங்க சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல நாலு பாட்டில் எடுத்துப் போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே எங்களுக்காகப் பதில் எழுதியவர்களுக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டிலோடு செய்முறையையும் கையால் எழுதி அனுப்பும் அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. உறைந்த பாட்டிலைப் பார்த்துப் பயந்து ஒதுக்கி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். திறந்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கண் முன்னால் உருக்கிக் காட்டுகிறோம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம். கூரியரில் வாங்கியவர்கள் பாட்டிலையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

என்றும் அன்புடன்,
உங்கள் கடையினர்

பி.கு.: லேபிளில் உள்ள செய்முறையை அடுத்த அச்சில் மாற்றுகிறோம். அதுவரை, உங்கள் பாட்டிலில் "ஒரு பாட்டிலுக்கு 1 கிலோ கோழி, 2 டம்ளர் தண்ணீர்" என்று இருந்தால் பேனாவால் அடித்துவிட்டு, "800 கிராம் கோழி, 300 மில்லி தண்ணீர்" என்று எழுதிக்கொள்ளுங்கள். டம்ளர் வீட்டுக்கு வீடு வேறாக இருப்பதை நாங்கள் யோசிக்கவில்லை.